தாய்மாமன் மடிக்கு ஒரு சீட்

ஓசியில் கிடைக்கும் சாப்பாட்டை மலேசியர்கள் வேண்டாம் என்று சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். போன வாரம், ஈப்போ விமான நிலையத்தில், பட்டப்பகலில் பார்த்தேன்!

சிங்கப்பூரில் இருக்கும் பழைய தோழி ஒருத்தியைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். தலைபோகிற அவசரம் ஒன்றுமில்லை. அவள் செய்யும் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் மருமகளைப் பற்றிய குறைகளைக் கேட்பது... அப்படி ஒரு பயணம். விமானம் தாமதம் என்றார்கள். சரி. இன்னும் கொஞ்சம் தாமதம் என்றார்கள். அதுவும் சரி. நம் ஈப்போ விமான நிலையம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். நான் இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் உட்காரவில்லை. எழுந்து கண்ணாடி வழியே ஓடுபாதையைப் பார்ப்பார், வந்து உட்காருவார், மறுபடி எழுவார். நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட சட்டை. கையில் ஒரு பை. அதைக் கீழே வைக்கவே இல்லை.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துருவோம்லா?" என்றார் என்னிடம்.

"அப்படி என்ன தம்பி அவசரம்?"

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்.

பெயர் முருகேசு. ஊர் சுங்காய். செம்பனை எண்ணெய் ஆலைக்கு லாரி ஓட்டுகிறார். ஒரே தங்கை, ராதா. வீட்டில் யாருக்கும் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பூருக்குப் போனவள். அந்தக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அதற்கப்புறம் அண்ணன் தங்கைக்குள் பேச்சுவார்த்தையும் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அவளே போன் செய்திருக்கிறாள்.

"'பாப்பாவுக்குக் காது குத்துறோம்ண்ணே, தாய்மாமன் மடி உன்னோடதுதான்'னு சொல்லிச்சுக்கா. எங்க வீட்டுக்காரரு வீட்ல எல்லாரும் நீ வரமாட்டேன்னு சொல்றாங்க, நான் மட்டும் 'எங்கண்ணன் வரும்'னு சொல்லியிருக்கேன்னு சொல்லி அழுவுது..."

சாயங்காலம் நல்ல நேரம் குறித்திருக்கிறார்கள். பையில் பட்டுப் பாவாடை, கொலுசு, பாப்பா காதில் ஏறப்போகும் தங்கத் தோடு. எல்லாம் தாய்மாமன் சீர்.

"நான் போவலன்னா வேற யாரு மடியிலயாச்சும் உக்கார வச்சிக் குத்திருவாங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ராதாவப் பாப்பேன்?"

நானும் ஓடுபாதையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் விமான நிறுவனத்தின் ஊழியர் கூப்பன்களோடு வந்தார். சின்னப் பெண். நூருல் என்று சட்டையில் பெயர். தாமதத்துக்காக எல்லோருக்கும் சாப்பாடாம். தேங்காய்ப்பால் சோறு மணக்கும் நாசி லெமாக்கும் தேநீரும். நான் கையை நீட்டிவிட்டேன்.

"அக்கா, வாங்காதீங்க!"

முருகேசு போட்ட சத்தத்தில், கூப்பன் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"இத வாங்கினா அவ்வளவுதான். கதை முடிஞ்சிரும். அப்புறம் நாம வாயே தொறக்க முடியாது!"

விஷயம் இதுதான். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அங்கே வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. வீடுகளில் அடுப்பு எரியாத நிலை வந்ததும் துரை ஒரு லாரி நிறைய அரிசியும் பால் டின்னும் அனுப்பினாராம். பிள்ளைகள் பசியில் அழுகின்றன, ஜனங்கள் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து, 'அரிசி வாங்கிட்டீங்கல்ல, அப்ப சமாதானம்தான், வேலைக்கு எறங்குங்க' என்று சொல்லிவிட்டாராம். கேட்ட சம்பளமும் போச்சு, போராட்டமும் போச்சு.

"எங்கப்பா சாவுறவரைக்கும் சொல்வாருக்கா... கம்பெனிக்காரன் சோறு போட்டா, எதுக்குப் போடுறான்னு மொதல்ல பாருன்னு."

இதை அவர் என் காதோடு சொல்லவில்லை. ஓடும் லாரியிலிருந்து பேசுகிற குரல் அவருக்கு. சிலிம் ரிவரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கேட்டது. பின்வரிசையில் இருந்த அண்ணன் தம்பி இருவர் கேட்டார்கள். அவர்களுக்கும் ஒரு தோட்டம், ஒரு துரை, ஒரு கிராணி இருந்திருக்க மாட்டார்களா என்ன? ஒவ்வொருவராக எழுந்து போய்க் கூப்பனைக் கவுண்டரில் வைத்துவிட்டு வந்தார்கள். ஒன்றும் புரியாத ஒரு மலாய்த் தம்பதிகூட, எல்லோரும் வைக்கிறார்களே, ஏதோ இருக்கும் போல என்று எழுந்துபோய் வைத்துவிட்டார்கள்.

நானும் வைத்தேன். வயிறு என்னைத் திட்டியது.

இதில் கொடுமை என்னவென்றால், அது தப்பு என்று எனக்குத் தெரியும். கழிப்பறைக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. அதைத் தாண்டி எத்தனை முறை நடந்திருப்பேன்! அன்றைக்குத்தான், வேறு வேலை இல்லாததால், நின்று படித்தேன். விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ரத்தானால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது நாம். ஒன்றை வாங்கினால் இன்னொன்று போய்விடும் என்று எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் முருகேசுவிடம் விளக்கினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போர்டுல அப்படித்தான்லா எழுதுவாங்க."

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். விமானம் ரத்து. எல்லோருக்கும் நாளைக் காலை விமானத்தில் இடம்.

முருகேசு சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார். "கம்பெனி சொல்லிருச்சு. இனிமே என்னாக்கா பண்றது?" என்றார். பாருங்கள், கம்பெனி கொடுத்த சோற்றைச் சந்தேகப்பட்ட மனிதர் கம்பெனி சொன்ன வார்த்தையைச் சந்தேகப்படவில்லை! அவரை மட்டும் சொல்வானேன்? நாம் எல்லோரும் அப்படித்தானே. ஒலிபெருக்கியில் வந்துவிட்டால் அது வேதவாக்கு.

"தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"ஃபிளைட்டு கேன்சல்னு சொன்னா யாருக்கா நம்புவாங்க? வர மனசில்லாதவன் சொல்ற காரணம்தானே அது!"

அந்த ஒரு வார்த்தை என்னை எழுப்பிவிட்டது. நான் சாதாரணமாகக் கடையில் தேநீருக்குச் சீனி போடாவிட்டால்கூட அப்படியே குடித்துவிட்டு வருகிற ரகம். அன்றைக்குக் கவுண்டருக்கு நேராக நடந்தேன். எனக்குத் தெரிந்த நல்ல மலாயில் நூருலிடம் கேட்டேன்: "நாளைக்கு வேண்டாம். இன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேறு வழி கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதல்லவா?"

நூருல் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"கேளுங்க ஆண்ட்டி. இன்னும் சத்தமாக் கேளுங்க. நீங்க யாராவது கேட்டாத்தான் நான் எங்க மேலிடத்துல கேட்க முடியும்."

இந்தப் பெண் காலையிலிருந்து இதற்காகவா காத்திருந்தார்?

நான் குரலை உயர்த்துவதற்குள் டை கட்டிய மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். என் குரலுக்காக அல்ல. கவுண்டரில் குவிந்து கிடந்த கூப்பன்களுக்காக! அத்தனை பயணிகளும் சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? உண்ணாவிரதம்! இன்னும் கொஞ்ச நேரத்தில் ஃபேஸ்புக்கில் வந்துவிடுமே!

"உங்களுக்கெல்லாம் என்னதான் வேண்டும்?" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

முருகேசு எழுந்து வந்தார். "இன்னிக்கே போவணும்" என்றார் மலாயில். பின்னாலேயே சிலிம் ரிவர் குடும்பம் வந்து நின்றது. மலாய்த் தம்பதியும் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. மேனேஜர் போனை எடுத்தார்.

ஒரு போன், இரண்டு போன்... கடைசியில் ஒரு வழி பிறந்தது. பினாங்கிலிருந்து மத்தியானம் வேறொரு நிறுவனத்தின் விமானம் இருக்கிறது. அதில் நான்கே நான்கு சீட். பினாங்குக்குக் கொண்டுபோய் விட வேன் ஏற்பாடு செய்கிறோம், யாரும் காசு தர வேண்டாம் என்றார். சிங்கப்பூரில் அடுத்த விமானம் ஏற வேண்டிய ஒரு கணவன் மனைவிக்கு இரண்டு. வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஒன்று. மிச்சம் ஒன்று. அதை வயதில் மூத்தவர் என்று ஒரு சீன ஆண்ட்டிக்குக் கொடுக்க வந்தார் மேனேஜர். நியாயம்தானே? எழுபதைத் தாண்டியவர், காலையிலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்.

ஆண்ட்டி எழவில்லை. முருகேசுவைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, காது குத்து இன்னிக்கித்தானா?"

சுத்தமான தோட்டத்துத் தமிழ்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாப்பாவில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். வாடிக்கையெல்லாம் சுற்று வட்டாரத் தோட்டத்து ஜனங்கள். காலையிலிருந்து நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்கிறது. (தோழியின் மருமகளைப் பற்றி நான் ஏதும் சொல்லியிருந்தால் அதுவும்!)

"ஆமா ஆண்ட்டி" என்றார் முருகேசு.

"அப்ப நீ போ. தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துவாங்க?"

"நீங்க எப்படி ஆண்ட்டி..."

"நான் என் தங்கச்சி வீட்டுக்கு மாஜோங் ஆடப் போறேன். மாஜோங் நாளைக்கும் ஆடலாம். காதுல ஓட்டை ஒருவாட்டிதான்லா போடுவாங்க!"

சொல்லிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார். தாய்மாமன் என்றால் யார், அவர் மடியில்தான் ஏன் உட்கார வேண்டும், அவர் வராவிட்டால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று மலாயில் விளக்கினார் பாருங்கள்... நான் விளக்கியிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது. மேனேஜர் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டார். முருகேசு ஆண்ட்டியின் காலைத் தொடக் குனிந்தார். "ஓடு, ஓடு, வேன் போயிரும்" என்று அவர் தோளில் ஓர் அடி விழுந்தது.

என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு முருகேசு ஏறிய வேன் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பிரமிப்பு என்று சொல்வார்களே, அதுதான். முருகேசு என்று ஒருவர் இருப்பதே தெரியாமல் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ அந்தச் சுவர் அறிவிப்பின் சில வரிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிகள் சுங்காய்க்காரர் ஒருவரைத் தங்கை வீட்டுக்கு வேன் வைத்து அனுப்புகின்றன! ஐரோப்பாவில் தாமதத்துக்குக் கையில் காசாகவே கொடுப்பார்களாம். நம் ஊரில் அது இல்லை. வர வேண்டும் என்று நானும் சொல்கிறேன். அதுவரைக்கும் இருப்பதையாவது கேட்போமே.

அப்புறம், ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுக் கூப்பனைத் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டாலும் உரிமை போகாது. நாங்கள் செய்தது வடிகட்டின தப்பு. ஆனால் அந்தத் தப்பு நடக்காமலிருந்தால் மேனேஜர் அப்படி ஓடி வந்திருப்பாரா? யோசித்துப் பார்க்கிறேன், பதில் தெரியவில்லை.

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் விமானம்தான் எனக்கு. சாயங்காலம் முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. பினாங்கு விமானமும் காலை வாரிவிட்டால்?

விளக்கேற்றும் நேரத்தில் போன் வந்தது. எடுத்ததும் காதைப் பிளக்கிற குழந்தை அழுகை. அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதே இல்லை.

"அக்கா! குத்தியாச்சுக்கா!" முருகேசுதான்.

போனை யாரோ பிடுங்குவது கேட்டது. "அக்கா, நான் ராதா பேசுறேன். எங்கண்ணன் வந்திருச்சுக்கா!" வரமாட்டார் என்று சொன்ன கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதுபோல அடித்துச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுபடி முருகேசு. குரல் உடைந்திருந்தது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. "அக்கா, ஊசி பட்டதும் பாப்பா பயந்துபோயி என் மடியிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. புது வேட்டி... மொத்தமா நனைஞ்சு போச்சுக்கா!"

அந்தச் சேதத்துக்கு மட்டும் அவர் யாரிடமும் இழப்பீடு கேட்பதாக இல்லை.