அம்மா விட்ட இரண்டு பிழைகள்

என் அம்மா ஒரே நாளில் ஆளுங்கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் இருந்து சம்பளம் வாங்கியவர். மாகாண சபையில் அவர் உரைபெயர்ப்பாளர். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் உட்கார்ந்து, சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும் தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும் அந்தந்த நிமிடமே சொல்லிக்கொண்டிருப்பார். மொழி விளங்காத உறுப்பினர்கள் காதில் கருவியை மாட்டி அம்மாவின் குரலைக் கேட்பார்கள். உண்மையில் அது இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை. மற்றவர் ஓய்வு பெற்றுப் போனபிறகு, அந்த இடத்துக்கு ஏன் இன்னும் ஆள் போடவில்லை என்று சபையில் காரசாரமான விவாதம் நடந்ததாம். அதையும் அம்மாதான் தனியாக மொழிபெயர்த்தார்.

இப்படி நாள் முழுக்க ஊரார் சண்டையைத் தன் வாயால் போட்டுவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அம்மா பேசவே மாட்டார். இஞ்சி போட்ட தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். எதைக் கேட்டாலும் பதில் ஒரு “ம்” தான். கல்யாணம் கட்டியதிலிருந்து தன் வீட்டில் சண்டையே நடந்ததில்லை, அந்தப் புண்ணியம் மாகாண சபைக்குத்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவாய் என்று தேர்தலுக்குத் தேர்தல் மாமா கேட்டுப் பார்ப்பார். ரெண்டு பக்கமும் கேட்டாச்சு என்பதோடு அம்மா முடித்துக்கொள்வார்.

அவருடைய வேலையின் சட்டம் எங்களுக்கு மனப்பாடம். பேசுகிறவர் ‘நான்’ என்றால் அம்மாவும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். பேசுகிறவர் சொன்னதில் ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. கூட்டினால் வேலை போய்விடும். பள்ளிக்கூடத்தில் நடந்த எதையாவது நான் ஊதிப் பெருக்கிச் சொல்லும்போதெல்லாம், அம்மா இந்தச் சட்டத்தைத்தான் எனக்கு நினைவூட்டுவார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. சபை கலைவதற்கு முன்னால் எல்லா உறுப்பினர்களுக்கும் திடீரென்று பேச நிறைய விஷயம் இருந்ததால் அம்மாவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு திட்டம் வந்தது. ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளை மூடி, பக்கத்தில் உள்ள பெரிய பாடசாலைகளோடு சேர்ப்பதாம். கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பத்தொரு பேர். பெரிய பாடசாலை ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அதற்கப்பால் பஸ் ஏறிப் போக வேண்டும்.

செய்தி கேட்ட அன்று பின்னேரம் நான் குசினிக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன். அவர் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பஸ் படிக்குக் கால் எட்டாது என்றேன். காலையில் கோச்சி வரும் நேரம் ரயில் கடவை மூடியிருக்கும், சின்னதுகள் கம்பிக்குக் கீழால் பூந்து ஓடும் என்றேன். எங்கள் பள்ளிக்கூட அதிபருக்கு முகத்தைப் பார்த்தாலே யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று தெரியும், பெரிய பாடசாலையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். கடைசியாகப் பள்ளிக்கூட முற்றத்து ஜம்பு மரத்துக்கு வந்தேன். பழுக்கும் காலத்தில் அதிபர் ஆளுக்கு மூன்று பழம் எண்ணிக் கொடுப்பார். நாங்கள் போய்விட்டால் எல்லாம் அணிலுக்குத்தான். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா “ம்” என்றார். போஞ்சியை அடுப்பில் போட்டார். இந்த மனுசியிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற மாமா கிளம்பினார். அம்மாவின் அண்ணனான அவர் நாவலப்பிட்டியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். தேர்தல் என்றால் அவருக்குத் தீபாவளி. எங்கள் பக்கத்துத் தமிழ் உறுப்பினருக்கு மேடை, மைக், மாலை எல்லாம் மாமாதான். அந்த உறுப்பினர் நல்லவர், ஆனால் எழுதிக் கொடுத்தால்தான் பேசுவார். எழுதிக் கொடுப்பவரும் மாமாதான். இந்த முறை மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு நான்கு பக்கம் எழுதினார். அத்தோடு ஒரு யோசனையும் செய்தார். பேச்சு நடக்கும் நாளில் எங்கள் ஐந்தாம் வகுப்பைச் சபைக்குக் கூட்டிப்போய்ப் பார்வையாளர் பகுதியில் உட்கார வைப்பது. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகளைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று கணக்குப் போட்டார்.

ஒன்பது பேர் போனோம். அதிபரும் மாமாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கருவி கொடுத்தார்கள். ஒன்றுக்குத் திருகினால் சிங்களம், இரண்டுக்குத் திருகினால் தமிழ். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மா தெரிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, எங்க அம்மா எங்க அம்மா என்று எல்லோரிடமும் கை காட்டினேன்.

முதலில் அமைச்சர் எழுந்து சிங்களத்தில் பேசினார். என் காதில் அம்மா பேசினார். தலை வாரிக்கொள் என்று சொல்லும் அதே இதமான குரலில், இவ்வளவு குறைந்த பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையை நடத்துவது அந்தப் பிள்ளைகளுக்கே செய்கிற அநியாயம் என்று நான் கருதுகிறேன் என்றார். இவற்றை இந்த வருடமே மூடிவிட வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு என்றார். ஒன்பது கருவியிலும் அம்மாவின் குரல். எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒங்க அம்மா நம்ம ஸ்கூல மூடச் சொல்றாங்க” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அது அம்மா இல்லை, அமைச்சர் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. உண்மையில் எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேலைக்காகச் சொல்வதை இவ்வளவு நன்றாகவா சொல்ல வேண்டும்? கொஞ்சம் தடுமாறினால்தான் என்ன?

பிறகு எங்கள் உறுப்பினர் எழுந்தார். அவருக்குக் கொடுத்தது ஐந்து நிமிடம். மாமா எழுதிய முதல் பக்கம் அவைக்கு வணக்கம். இரண்டாம் பக்கம் தமிழின் தொன்மை. மூன்றாம் பக்கம் கட்சித் தலைவரின் தியாகம். பள்ளிக்கூடம் வருவது நான்காம் பக்கத்தில். உறுப்பினர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டு போனார். பின்னால் மாமா உதட்டை அசைத்துக் கூடவே படித்தார். தன் பேச்சைக் கேட்கக் கருவி எதற்கென்று அதைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அதிபரும் அப்படித்தான், அவர் தமிழையே நேராகக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

தமிழில் பேசும்போது இரண்டாம் எண்ணில் ஒன்றும் கேட்காது. அம்மா மேல் இருந்த கோபத்தில் நான் குமிழை ஒன்றுக்குத் திருகினேன். அம்மா சிங்களத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் பாண் வாங்கப் போதும், அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு சொற்கள் காதில் விழுந்தன. கோச்சி என்றார். கொஞ்சம் கழித்து ஜம்பு என்றார். இரண்டும் சிங்களத்திலும் அதேதான். நான் எட்டி உறுப்பினரைப் பார்த்தேன். அவர் தலைவரின் தியாகத்தில்தான் இருந்தார். அதில் கோச்சியும் இல்லை, ஜம்புவும் இல்லை.

அதற்குள் மண்டபத்தில் ஏதோ நடந்தது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பருமனான உறுப்பினர் தாளை மடித்தார். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து கருவியை மாட்டினார். அமைச்சர் தலையை உயர்த்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் தன்னையே கவனிப்பதைக் கண்ட எங்கள் உறுப்பினருக்கு உற்சாகம் பிறந்து, தலைவரின் தியாகத்தைக் குரலை உயர்த்திப் படித்தார். நான்காம் பக்கத்தைத் திருப்பும்போது மணி அடித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரே வரவில்லை.

ஆனால் அமைச்சர் மறுபடி எழுந்தார். நான் அவசரமாக இரண்டுக்குத் திருகினேன். பிள்ளைகள் தண்டவாளத்தைக் கடக்க நேரும் பாடசாலைகளை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவிட நான் சம்மதிக்கிறேன் என்று அம்மா சொன்னார். பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் ஒன்பது பேரும் கைதட்ட, காவலுக்கு நின்றவர் ஓடிவந்து அடக்கினார்.

மாமா அன்றே தேர்தலில் வென்றுவிட்டவர் போல நடந்துகொண்டார். மறுநாள் ஒரு சிங்களப் பத்திரிகையில் உறுப்பினரின் பேச்சு அவர் படத்தோடு வந்தது. அதன்பிறகு எல்லா மேடையிலும், மாமாவின் ஒலிபெருக்கியில், உறுப்பினர் கோச்சியைப் பற்றியும் ஜம்பு மரத்தைப் பற்றியும் உருகிப் பேசினார். நல்ல வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த மகிழ்ச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

இலை போட்டதிலிருந்து பேச்சு அந்தப் பேச்சைப் பற்றித்தான். மாமாவின் எழுத்தை உறுப்பினர் புகழ, உறுப்பினரின் குரலை மாமா புகழ, அப்பா இருவரையும் புகழ்ந்தார். அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா பெரிய மனது பண்ணி, தங்கச்சியும் ஏதோ ஒழுங்காகச் சொல்லியிருப்பாள், இல்லாவிட்டால் அவன்களுக்கு விளங்கியிருக்குமா என்றார். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்ல மாமா. அம்மா ரெண்டு பிழை விட்டாங்க. இவங்க கோச்சியப் பத்திப் பேசவே இல்ல. ஜம்பு மரத்தப் பத்தியும் பேசல. அம்மாதான் சும்மா சொன்னாங்க. நான் கேட்டேன்.”

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பா என்னை முறைத்தார். மாமா தன் நான்கு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. உறுப்பினர் அப்பளத்தை மெதுவாக உடைத்தார். அம்மாவைப் பார்க்காமல் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அத நான்தான் பேசினேன் பாப்பா. பேப்பர்லயே போட்டிருக்காங்களே.”

மாமாவும் தெளிந்துவிட்டார். அதெல்லாம் தான் எழுதியதற்குள் கருத்தாக அடங்கியிருந்ததாகவும் சின்னப் பிள்ளைக்கு அது விளங்காது என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது உறுப்பினர் வாசலில் நின்று, “சாப்பாடு நல்லா இருந்திச்சு மிஸ். வேலையத் தொடர்ந்து நல்லாப் பாருங்க” என்று அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். சாம்பாருக்கு இவ்வளவு பெரிய கும்பிடா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாத்திரம் கழுவும்போது அம்மா என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று தயாராகத்தான் போனேன்.

“அப்ப ஜம்பு மரத்தச் சொன்னது பிழையா?” என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போல.

“பேசுறவங்க சொல்லாதத நீங்க சொல்லக் கூடாதில்ல?” என்றேன், அவருடைய சட்டத்தை அவருக்கே நீட்டி.

“சரி. இனிமே சொல்ல மாட்டேன்” என்று சொல்லி, மிச்சமிருந்த பாயாசம் முழுவதையும் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக் குடித்தேன்.

இப்போது மாகாண சபைக்குத் தேர்தல் வைப்பதையே மறந்துவிட்டார்கள். அம்மா ஓய்வு பெற்றும் வீட்டில் பேசுவதில்லை. எங்கள் பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கிறது. போன மாதம் நாவலப்பிட்டிக்குப் போனபோது, மாமாவின் கடைச் சுவரில் அந்தப் பத்திரிகைத் துண்டு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். மாமாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எனக்கு இப்போது வாசிக்க வரும். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று வாசித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கால் பஸ் படிக்கு எட்டாது என்று இருந்தது. கம்பிக்குக் கீழால் பூந்து ஓடும் சின்னதுகள் இருந்தன. முகத்தைப் பார்த்தே பசியை அறிகிற அதிபர் இருந்தார். ஆளுக்கு மூன்று ஜம்புப்பழம் கடைசியில் இருந்தது, மிச்சத்தைத் தின்னும் அணிலோடு. எல்லாம் அதே ஒழுங்கில்.

“என்னா எழுதியிருக்கான்?” என்று கீழேயிருந்து மாமா கேட்டார்.

“ஒங்க பேச்சுதான் மாமா. அப்படியே இருக்கு” என்றேன்.

அம்மா அன்றைக்கும் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. போஞ்சி நறுக்கிக்கொண்டே கேட்டதை அப்படியே மொழிபெயர்த்திருந்தார். அது யாருடைய பேச்சு என்பதுதான், பாயாசக் கோப்பையை வழித்து நக்கிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாமல் போயிற்று.