ஒரு பக்கம் கனம் ஜாஸ்தி

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலின் கனம் பார்த்துத் தரம் பிரிப்பவர் அவர். விரல் நுனிகள் தேய்ந்து வழவழவென்றிருக்கும். பஸ் டிக்கெட்டைக் கொடுத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவே ஒருமுறை தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

மனைவியின் ஆக்சிஜன் மெஷினை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். பவர் சப்ளையில் டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தது. புதிது வர ஒரு வாரம் ஆகும், நானே கம்பி சுற்றித் தருகிறேன் என்று குதித்தேன்.

"வீட்ல இருக்கற ஆக்சிஜன் சிலிண்டர் நாளன்னிக்கு வரைக்கும்தான் தாங்கும், தம்பி."

அன்றே சுற்றி மாட்டினேன், புகைந்தது. கழற்றிப் பிரித்தபோது, கம்பிச் சுருளுக்குள் இருக்கும் கோரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இடைவெளிக்காக நான் வைத்திருந்த காகிதத்தை அவர் தடவினார்.

"இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தியா இருக்கே?"

"இன்னாண்ணே, இது ஷூ தோலா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

இரண்டு நாள் கம்பியைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினேன். மூன்றாம் நாள்தான் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. மாற்றியதும் மெஷின் ஓடியது. போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே அவ போய்ட்டா. இத வேற யாருக்காச்சும் குடுத்துடு தம்பி. ஆமா, இன்னா கோளாறு?"

"ஏதோ ஒரு பார்ட் போயிருந்துச்சுண்ணே."

"அப்டியா. நான் அந்தக் காயிதம்னு நெனச்சேன்."

ஒட்டிய அந்த இரண்டு தாளும் மேசைமேல்தான் கிடந்தன. அவர் பார்த்தார். அதை மட்டும் ஏன் தொட்டுப் பார்க்காமல் போனார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.