காய்கறிக் கடையின் காலை டேப்

1. வானொலிக் குரல்

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் என் முதலாளி வைரவன் ஓர் ஆன்சரிங் மெஷினைக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். போனை எடுக்க ஆள் இல்லாதபோது, நாம் கேசட்டில் பதிந்துவைத்த பேச்சு கூப்பிடுகிறவருக்குக் கேட்கும். அவர் சொல்வதும் பதிவாகும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கச் சந்தில் இருக்கிற காய்கறிக் கடைக்கு இது எதற்கு என்று கேட்டேன். விடிகாலையில் நாம் மூட்டை பிரித்துக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஆர்டர் சொல்வதற்கு என்றார்.

எனக்கு வேறு கவலை. கடை இருந்த தேக்கா வட்டாரத்தைச் சுற்றிக் குடியிருந்த எங்கள் வாடிக்கையாளர்கள் குடும்பம் குடும்பமாக அங் மோ கியோ, பிடோக், தெம்பனிஸ் என்று புது அடுக்குமாடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பஸ் ஏறி வந்தால் அன்றைக்குப் பார்த்து வாழைப்பூ வந்திருக்காது. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை வருவாரா? தீபாவளிக்குப் பிறகு ஆள் குறைக்க வேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கடையில் இருந்தது அவர், நான், மூட்டை இறக்கும் முத்து அண்ணன். என்னால் மூட்டை இறக்க முடியாது. குறையப்போகிற ஆள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அதனால்தான், இன்றைக்கு என்ன காய் வந்திருக்கிறது என்று தினமும் காலையில் டேப்பில் சொல்கிறேன், வீட்டிலிருந்தே கேட்டுவிட்டு வரட்டும் என்றேன். என்னமோ செய் என்று விட்டுவிட்டார்.

இப்போது இளைய வியாபாரிகள் சிலர் கடைக்கு வலைப்பூ நடத்துவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் வாடிக்கையாளரோடு தினமும் நாலு வார்த்தை பேசுவது எப்படி என்று தெரியும். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

முதல் வாரம் வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசினேன். "வணக்கம். எமது கடையில் அனைத்து வகைக் காய்கறிகளும் நியாயமான விலையில் கிடைக்கும்." அதைக் கேட்டு ஈ காக்கைகூட வரவில்லை. எல்லாக் கடையும் சொல்வதைச் சொன்னால் யார் வருவார்கள்?

2. முருங்கைக்காய்

ஒரு நாள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து கடைக்கு வந்தேன். மலேசியாவின் ஜோகூரிலிருந்து லாரியில் வந்த முருங்கைக்காய் எல்லாம் முற்றல். பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. அதே எரிச்சலோடு மெஷினில் பேசினேன். "இன்னைக்கு முருங்கைக்காய் வாங்காதீங்க, வெறும் நாரு. வாழைப்பூ நல்லா இருக்கு, அதை நம்பி வரலாம்."

முதலாளி காதில் விழுந்துவிட்டது. "விக்கிறதுக்கு உன்னை வச்சேனா, விரட்டுறதுக்கு வச்சேனா?" என்றார். அவர் கோபமும் நியாயம்தான். ஒரு கூடை முருங்கைக்காய் குப்பைக்குப் போனது. ஆனால் மத்தியானத்துக்குள் வாழைப்பூ தீர்ந்துவிட்டது. வாங்க வந்தவர்களில் தெம்பனிஸுக்குக் குடிபோன ராஜம்மாள் அக்காவும் ஒருவர். அவர் எங்கள் கடைப்பக்கம் வந்தே பல மாதம் ஆகியிருந்தது. டேப்பில் முருங்கைக்காய் வேண்டாம் என்று சொன்னது யார் என்று கேட்டு, என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அப்படியே பேசினேன். தினமும் பேசுவது லேசான காரியம் இல்லை, லாரி வராத நாளும் உண்டே. அன்றைக்கு, "லாரி வரலை, நீங்களும் வராதீங்க, வீட்ல பருப்பு இருக்கும்ல, அதை வச்சு ஒப்பேத்துங்க" என்று சொன்னேன். வாழை இலையை வாடாமல் வைப்பது எப்படி என்று ஒரு நாள் சொன்னேன். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு என்னென்ன வேண்டும் என்று முதலாளியைக் கேட்டுத்தான் சொன்னேன். மெஷின் முன்னால் உட்காராத நாள் மட்டும் கிடையாது.

3. லைன் பிஸி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயே என் பிழைப்புக்கு உலை வைக்கப் பார்த்தது. விடிந்ததிலிருந்து டேப் கேட்கிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். டேப்பைத் தவறவிட்டவர்கள் கடை திறந்த பிறகு கூப்பிட்டு, இன்றைக்கு என்ன சொன்னாய், திரும்பச் சொல் என்றார்கள். இருந்தது ஒரே லைன்.

ஒரு நாள் எங்கள் பெரிய வாடிக்கைக்காரரான ரெஸ்டாரன்ட் உரிமையாளர் நேரிலேயே வந்துவிட்டார். கல்யாணத்துக்கு இலையும் காயும் சொல்ல விடிகாலையிலிருந்து போன் அடித்திருக்கிறார், எந்நேரமும் பிஸி. ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான்.

நாளைக்கு ஒரே ஒரு முறை பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று கேட்டேன். அந்த ஒரு முறைதான் என்று சொல்லிப் பிளக்கைத் திரும்பச் செருகினார்.

மறுநாள் காய் எதையும் பற்றிப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னேன். "நான் ஸ்டெல்லா பேசுறேன். நாம எல்லாரும் லைனைப் பிடிச்சுக்கிட்டதால கடைக்கு ஒரு கல்யாண ஆர்டர் போச்சு. முதலாளி டேப்பை நிறுத்தப்போறார். நிக்கக்கூடாதுன்னா ஒரு ப்ளாக்குக்கு ஒருத்தர் மட்டும் கேளுங்க. கேட்டவங்க மத்தவங்களுக்குச் சொல்லுங்க."

அன்றும் மறுநாளும் போன் வழக்கமாக அடிக்கிற அளவுக்குக் கூட அடிக்கவில்லை. கேட்டார்களா, கோபித்துக்கொண்டார்களா என்று தெரியாமல் தவித்தேன்.

சனிக்கிழமை ராஜம்மாள் அக்கா இரண்டு பெரிய கூடைகளோடு டாக்சியில் வந்து இறங்கினார். "எங்க ப்ளாக்குக்கு நான்தான் லா" என்றார் பெருமையாக. வீடு வீடாகக் கேட்டு, எல்லாருக்கும் சேர்த்து வாங்க வந்திருந்தார். அவர் போவதற்குள் பிடோக்கிலிருந்து ஒருவர் அதேபோல் வந்தார். கொத்தமல்லி எடைபோட்டுக்கொண்டிருந்த முதலாளி தராசை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரே கூடையைத் தூக்கி டாக்சியில் வைத்தார். அன்று சாயங்காலம், நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டார். அதோடு டேப் நிற்கிற பேச்சு நின்றது.

4. போர்டு

தீபாவளி வந்து போனது. ஆள் குறைப்பது பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை, எனக்கென்ன பைத்தியமா? பிறகு கடைக்கு இரண்டாவது லைன் வந்தது. புது நம்பர் டேப்புக்கு, பழையது ஆர்டருக்கு என்றுதான் நினைத்தேன். பழைய நம்பர், கடை திறந்த நாளிலிருந்து வாசல் போர்டில் இருக்கிற நம்பர். ஆனால் அவர் பெயிண்டரைக் கூப்பிட்டு, அதை அழித்துவிட்டுப் புது நம்பரை எழுதச் சொன்னார்.

"என்ன முதலாளி, ரெஸ்டாரன்ட்காரங்களுக்கெல்லாம் பழைய நம்பர்தானே தெரியும்?" என்றேன்.

"அவங்களுக்கு நான் நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன். பழசு ராஜம்மாவுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிப்போச்சு, அவங்களை மாத்தச் சொல்லாதே. அது இனிமே உன் நம்பர்."

மறுநாள் காலை சந்தோஷமாக மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். இருந்தாலும் கத்தரிக்காயில் பூச்சி இருக்கிறது, வாங்காதீர்கள் என்பதை மறக்காமல் சொன்னேன். தினமும் பேச வந்தவளுக்கு வேலையே அதுதான்.