பண்ணையாருக்கு நான் போட்ட படம்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கடைகளுக்குப் போர்டு எழுதியே பழகியவன், ஒரு வரிக்கு மேல் சேர்ந்தாற்போல யோசிக்க வராது. நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாயும் திறக்காது. ஆனாலும் ஒரு மனிதரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லப் போவதில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அப்போது யுத்த காலம். அரியலூர்ப் பக்கத்தில் பெரிய பண்ணையார் ஒருவர் இருந்தார். என் அப்பா அவர் வயலில் கூலி வேலை செய்தவர். பண்ணையாருடைய நெல் மில்லுக்குச் சுவரில் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மீசை சரியாக முளைக்காத வயது எனக்கு. பூசிய வெள்ளை காயட்டும் என்று காத்திருந்தபோது, கை சும்மா இருக்க மாட்டாமல் உள்சுவரில் கரித்துண்டால் அவரை வரைந்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்குகிற கோலம். நன்றாக வந்திருந்தது. இப்போதும் சொல்கிறேன், நன்றாகத்தான் வந்திருந்தது.

தன்னைப் படம் எடுத்தாலோ வரைந்தாலோ ஆயுசு குறைந்துவிடும் என்று நம்பியவர் அவர். கல்யாண வீட்டுக்குப் போட்டோக்காரர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாராம். எனக்கு அது தெரியாது. பின்னால் வந்து நின்றவர் சத்தம் போடவில்லை. யார் மகன் என்று கேட்டார். சொன்னேன்.

“அப்பன் என் சோத்தத் தின்னான். நீ என் ஆயுசத் திங்க வந்தியா? அழிடா.”

துணி எடுக்கக் குனிந்தேன்.

“சட்டையக் கழட்டி அழி.”

அழித்தேன். கரி படிந்த அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு கடைவீதி வழியாகப் போகச் சொன்னார். நான் சந்துக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் பின்னால் அனுப்பினார். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேருடைய கடைப் போர்டு நான் எழுதியது. பிறகு அரியலூரில் எனக்கு வேலை கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பெரம்பலூருக்குப் போய் மாட்டு வண்டிகளுக்கு வர்ணம் அடித்தேன்.

சுவரை அழிக்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கண் பாதி மூடியிருந்தது. உதடு ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. அந்த முகத்தை என்னோடு கொண்டுவந்துவிட்டேன். மிச்சமாகும் வர்ணத்தை வைத்து, கிடைத்த தகரத்திலும் அட்டையிலும் அதையே போட்டுப் போட்டுப் பார்ப்பேன். படம் போட எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. கண்ணுக்குக் கீழே சதை எப்படித் தொங்கும், வாயை மூடிக்கொண்டு கோபப்படும்போது மூக்கு எப்படி விரியும் என்பதெல்லாம் அந்த ஒரு முகத்தில் படித்ததுதான். போடும்போது வாய்விட்டுத் திட்டுவேன். தனியாக இருந்தால் எனக்கும் பேச்சு நன்றாக வரும்.

யுத்தம் முடிந்த பிறகு அவர் செத்துப்போனார். கேள்விப்பட்ட அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

முதல் வருஷத் திதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அவர் மகன் ஆசைப்பட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. திருச்சியிலிருந்து படக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். மூக்கு நீளம் என்றார் ஒருவர், சப்பை என்றார் இன்னொருவர். தாடையைப் பற்றிப் பேச்சு வந்தபோது பங்காளிகளுக்குள் சண்டையே வந்துவிட்டதாம். வந்த படக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் என் நினைவு வந்திருக்கிறது.

என்னைத் தேடி வந்தவர் அந்தப் பண்ணையிலேயே உழைத்துக் கிழவரானவர், எனக்குப் பெரியப்பா முறை. கூடவே இருந்தவர்கள் அத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் வருகிறார்கள் என்று கேட்டேன்.

“நாங்க எவன்டா நிமுந்து பாத்தோம்? கால வரையணும்னா சொல்லு, வெரலு வெரலா சொல்றேன். அந்த மூஞ்சிய உத்துப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்.”

ஒத்துக்கொண்டேன். படம் கூடத்தில் மாட்டப்படும். திதிக்கு உடையார்பாளையத்திலிருந்தும் கீழப்பழுவூரிலிருந்தும் பெரிய வீட்டுக்காரர்கள் வருவார்கள். பார்த்துவிட்டு நாலு பேர் கூப்பிட்டால் போர்டு எழுதுகிற பிழைப்பை விட்டு நான் படக்காரன் ஆகிவிடலாம். சாந்தமாகச் சிரிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படிப் போட்டிருந்தால் காரியம் நடந்திருக்கும். நான் அந்தப் பார்வையைத்தான் போட்டேன். கை தானாகப் போட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர் பார்க்க என்னை நடக்க வைத்தவர், தன் வீட்டுக் கூடத்தில், தன் சொந்தக்காரர்கள் முன்னால், அந்த மூஞ்சியோடு காலமெல்லாம் தொங்கட்டும் என்று நினைத்தேன்.

திதியன்று காலை, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே கொண்டுபோனேன். மூடியிருந்த துணியை எடுத்தேன். வாழை மரம் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பெரியப்பா குனிந்தே நின்றார். மகன் ஓரடி பின்னால் போனதை நான் பார்த்தேன். அந்த ஒரு அடிக்காக அத்தனை வருஷமும் காத்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது பண்ணையாரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். படத்துக்கு நேரே நின்று வெகுநேரம் பார்த்தார்.

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டிருக்கக் கூடாதாப்பா?”

“நான் பாத்ததில்லீங்கம்மா.”

“நானுந்தான்.” பிறகு மகனிடம் திரும்பினார். “இதக் கூடத்துல மாட்டாத. நெல்லு ரூமுல கொண்டுபோயி வச்சிரு. இத்தன வருசம் பாத்தது போதும்.”

மகன் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், வேறொன்று போட்டுத் தர முடியுமா, யார் ஜாடையாக இருந்தாலும் பரவாயில்லை, முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தால் போதும் என்றார். எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

இரண்டு பேர் படத்தைத் தூக்கிப் போனார்கள். மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்தாற்போலச் சாய்த்து வைத்துக் கதவைச் சாத்தினார்கள். வந்த பெரிய மனிதர் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. என் படம் போனது, அதோடு படக்காரன் ஆகிற வழியும் போனது. கட்டின மனைவி கையாலேயே அவர் இருட்டில் அடைபட்டதும் நடந்தது. பழி தீர்க்க நானாக யோசித்திருந்தால்கூட அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வயிறு எரிவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். விருந்துக்கு இருக்கச் சொன்னார்கள். நான் இருக்கவில்லை.

மறுநாள் பெரம்பலூருக்குத் திரும்பிப் போய் ஒரு சைக்கிள் கடைக்குப் போர்டு எழுதினேன்.