பின்பாதி இல்லாத தத்துவ நூல்

கீழ்பென்னாத்தூர் சின்னசாமியின் மகள் தேவிப்ரியா, 2002இல் திருவண்ணாமலை ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தாள். புத்தகம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நூலகத்தின் தத்துவ அலமாரியில் ஜோதிடமும் சமையல் குறிப்பும் இருந்தன. கடைசியில், செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் புத்தகங்களை விற்கும் வேணுவிடம், பாடத்திட்டத்தில் இருந்த பழைய தர்க்க நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அகப்பட்டது.

"முன்னாடி கொஞ்சம், பின்னாடி ஜாஸ்தியாவே கிழிஞ்சிருக்கும்மா. பரவால்லியா?"

மீதியும் இதே போக்கில்தான் இருக்கும் என்று வாங்கிக்கொண்டாள்.

உடலைத் தவிர உயிர் என்று தனியாக ஒன்று கிடையாது என்று அடித்துப் பேசியது அந்த நூல். பேருந்தில் நின்றபடியே படித்து, நூலாசிரியரின் துணிச்சலில் சொக்கிப்போனாள். அந்த வருடம் அம்மாவின் நினைவு நாளுக்கு அப்பா படையல் போட்டபோது அவள் கும்பிட வரவில்லை.

"செத்தவங்க எங்கப்பா வந்து சாப்புடப் போறாங்க? பெரிய பெரிய ஆளுங்களே எழுதிட்டாங்க."

சின்னசாமி எழுந்து நிலத்துக்குப் போய்விட்டார். அதன்பின் மகளோடு பேச்சே கம்மி.

தேர்வில் அந்தத் தாளில் மட்டும் தோற்றாள். காரணம் புரியாமல், ஆசிரமம் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போனாள். கடைக்காரர் ராஜேந்திரன் தேடக் கற்றுக்கொடுத்தார். முழு நூலையும் யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். தன்னிடம் இல்லாத பகுதி மெல்லத் திறந்தது. "இதுவரை எதிராளியின் வாதத்தைச் சொன்னோம். இனி நம் மறுப்பு."

மறுபடி படித்தாள். அவள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டதெல்லாம், உடைப்பதற்காக அந்த ஆசிரியர் எடுத்துவைத்தது!

"என்னம்மா, நெட் கட்டாயிடுச்சா?" என்றார் ராஜேந்திரன்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் மேலே படித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போனாள். "அப்பா, அந்த ஆளு அப்பிடிச் சொல்லவே இல்லப்பா. எதிராளி பேச்ச அவரு பேச்சுன்னு நெனச்சிட்டேன்."

சின்னசாமி அவளையே பார்த்தார். "அப்ப ஒங்கம்மா இருக்காளா?"

அவள் திடுக்கிட்டாள். மறுப்பையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதையும் மனசு ஒப்பவில்லை.

"தெரியலப்பா."

"சரி, படி" என்று அவளுக்குத் தட்டெடுத்து வைத்தார்.

அடுத்த தேர்வில் இரண்டு தரப்பையும் எழுதித் தேறினாள். பிறகு அந்தக் கேள்வியையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனாள்.