லோவெல்லின் அச்சும் ஆர்லிஸின் ஈயமும்

ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்லிஸ் புரூசெத்தின் பெயர் கெட அது போதுமானதாக இருந்தது.

ஆர்லிஸ் என்ற அந்த அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இடையில் கிடைக்கும் நேரத்தில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் குண்டு வார்க்கும் அச்சுகளைப் பெரிதாக்குகிறார். மொன்டானாவின் இந்தப் பக்கத்தில் தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கடையில் குண்டு வாங்குவதில்லை. ஈயத்தை உருக்கித் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். பழைய குழல்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. குழல் மயிரிழை அகலமென்றால் குண்டும் மயிரிழை பருக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணன் செருப்பைப் போட்ட தம்பி மாதிரி தடுமாறிக்கொண்டுதான் குண்டு வெளியே போகும்.

லோவெல்லின் குண்டுகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. லோவெல், ஆர்லிஸின் தங்கை மார்வாவின் கணவர். அவர் சுட்ட அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் விழுந்தது. குண்டு குப்புற விழுந்து போனதற்கு அதுதான் அடையாளம்.

"குறி பாக்கறியா, இல்ல கதவைப் பூட்டறியா லோவெல்?" என்று துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் கேட்காத ஆளில்லை.

ஜூன் மாதம் சங்கத்தின் போட்டி. தூரத்தில் நிற்கும் இரும்பு ஆடுகளைச் சாய்க்க வேண்டும். அதிக ஆடுகளைச் சாய்ப்பவருக்குத் தங்க நிறம் பூசிய பழைய டிராக்டர் இருக்கை. இரண்டாமிடத்துக்கு ஜாலர் வைத்த ஏப்ரன். அதைக் கட்டிக்கொண்டு மறுநாள் காலை எல்லோருக்கும் பேன்கேக் சுட்டுப்போட வேண்டும். இருக்கை பல வருடங்களாக ஆர்லிஸின் சமையலறையில் கிடந்தது. அதில் உட்கார்ந்துதான் உருளைக்கிழங்கு உரிப்பார். ஏப்ரன் லோவெல்லின் இடுப்புக்குப் பழகியிருந்தது.

அப்படிப்பட்ட லோவெல், மே மாதத்தில் தன் அச்சைக் கொண்டுவந்து ஆர்லிஸின் மேசையில் வைத்தார்.

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"ஓஹையோவுல ஒருத்தர் இருக்காரு. செப்டம்பர்லதான் தருவாராம்."

"எவ்ளோ வேணும்?"

"ஐம்பத்தொன்பது." அங்குலத்தின் ஆயிரம் கூறில் நானூற்றைம்பத்தொன்பது; முன்னால் வரும் நானூறை இங்கே யாரும் சொல்வதில்லை.

"நான் கெடுத்துட்டேன்னா?"

"தோத்துடுவோம்னு பயந்து கெடுத்துட்டாள்னு ஊரே பேசும். அதுக்காகவே நீ கெடுக்க மாட்ட. உன் திமிர் மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை."

ஆர்லிஸுக்கு அது பிடித்திருந்தது. அந்த அச்சிலேயே ஒரு குண்டை வார்த்து, அதன் அடியில் திருகாணியை இறக்கி, மேலே இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட் தடவினார். அச்சை மூடி, திருகாணியைப் பிடித்துக் குண்டைக் கையாலேயே சுற்றினார். கொஞ்சம் தேய்ப்பார், கழுவுவார், தன் சட்டியிலிருந்து ஈயம் ஊற்றுவார், ஆறவிட்டு மைக்ரோமீட்டரில் அளப்பார். ஐம்பத்தொன்பது வந்ததும் நிறுத்தினார்.

"சாக்குச் சொல்ல இனிமே அவனுக்கு அச்சும் இல்ல" என்று காபிக் கடையில் அறிவித்தார்.

இரண்டு நாளில் மார்வா போன் செய்தாள். "என்னடி பண்ணித் தொலைச்ச? குண்டு துப்பாக்கிக்குள்ளயே போக மாட்டேங்குது. இந்த மனுஷன் உக்காந்து சிரிச்சிட்டிருக்காரு. அழுதாக்கூடத் தேவல."

மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. காபிக் கடைக்காரர் சின்ன ரொட்டியில் பெரிய சாசேஜைத் திணித்துக்கொண்டுவந்து ஆர்லிஸ் முன்னால் வைத்தார். "இதுவும் உள்ள போகலை ஆர்லிஸ். என்னன்னு கொஞ்சம் பாரேன்."

ஆர்லிஸ் சாப்பிடாமல் எழுந்து நேரே லோவெல் வீட்டுக்குப் போனார். லோவெல் வார்த்த குண்டை அளந்தார். அறுபத்தொன்று. நகத்தால் கீறிப் பார்த்தார். கோடு விழவில்லை.

"என்ன ஈயம் இது?"

"பேப்பர் ஆபீஸ் மூடினப்ப வாங்கின அச்செழுத்து. எப்பவும் அதைத்தான் உருக்கறேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே!"

அச்செழுத்து ஈயம் கெட்டி. ஆறும்போது அதிகம் சுருங்காது. மெத்தென்ற ஈயம் சுருங்கும். ஆர்லிஸ் தன் மெத்தென்ற ஈயத்தை ஊற்றி அளந்துவிட்டு அச்சைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டார். அவருடைய கொட்டகைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: 'எந்த ஈயம்? முதலில் அதைச் சொல்லு.' வெளியூர்க்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் அச்சைத் தருவார்கள். வீட்டு மனுஷனிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

தேய்ந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பருத்த குண்டைப் பிதுக்கி மெலிய வைக்கலாம்; ஆனால் சங்க விதி, வார்த்தது வார்த்தபடியே சுட வேண்டும். மிச்சமிருந்தது ஒரே வழிதான்: ஆர்லிஸ் ஊற்றி அளந்த அதே மெத்தென்ற ஈயத்தை லோவெல்லும் ஊற்ற வேண்டும். அது, மாட்டு டாக்டரின் எக்ஸ்ரே அறையை இடித்தபோது சுவரிலிருந்து அள்ளிவந்த ஈயம்; அந்தத் தகடுகளை ஆர்லிஸ் காபி டப்பாக்களில் பூட்டி வைத்திருந்தார். தூண்டிலுக்குக் கட்டக் கொஞ்சம் கேட்ட தங்கைக்கே கொடுக்காத ஈயம்.

கொடுத்தால் இருக்கை போகலாம். கொடுக்காவிட்டால், வேண்டுமென்றே கெடுத்தவள் என்ற பேச்சு சாகும்வரை கூட வரும். ஆர்லிஸ் இரண்டு டப்பாக்களை மூச்சு வாங்கத் தூக்கிவந்து லோவெல்லின் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மேசை முனகியது.

"பேசாம இதை உருக்கி ஊத்து."

ஐம்பத்தொன்பது வந்தது. இம்மி பிசகவில்லை.

போட்டியன்று லோவெல்லின் கடைசி ஆடு 'டங்' என்று சாய்ந்தது. ஆர்லிஸின் கடைசி ஆடு அசையாமல் நின்றது. மறுநாள் காலை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஆர்லிஸ் அறுபது பேருக்குப் பேன்கேக் சுட்டார். லோவெல்லின் தட்டில் விழுந்ததில் மட்டும் நடுவே சாவித் துவாரம் இருந்தது.

ஆகஸ்டில் லோவெல்லிடமிருந்த இரண்டு டப்பாக்களும் காலியாயின. அப்போதுதான் லோவெல்லுக்கு உறைத்தது. இனி அச்செழுத்தை அந்த அச்சில் ஊற்றிப் பயனில்லை. ஆர்லிஸின் ஈயம்தான் வேண்டும்.

"ஏய், இதை நீ வேணும்னே பண்ணினியா?"

"அவ்ளோ மூளை இருந்தா நான் ஏன் பஸ் ஓட்டறேன்?"

அக்டோபர் முதல் சனிக்கிழமை லோவெல் ஈயம் வாங்க வருகிறார். வரும்போது டிராக்டர் இருக்கையையும் வண்டியில் ஏற்றிவரச் சொல்லியிருக்கிறார் ஆர்லிஸ்.