நடுத்தட்டு

காதுக்காரம்மாவின் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது என்பது பீங்கான் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கோப்பையின் அடியை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பில் சின்ன மரக்குச்சியால் ஒரு தட்டு. 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் நல்ல கோப்பை, கடைக்குப் போகும். 'டொக்' என்று அங்கேயே நின்றுபோனால் உள்ளே எங்கோ மயிரிழை விரிசல் ஓடுகிறது, உடைக்கிற தொட்டிக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. விரிசல் இருக்காது, ஆனால் கைப்பிடி கோணியிருக்கும், பூவின் சாயம் ஒழுகியிருக்கும், மேல்பூச்சில் ஊசி குத்தின மாதிரி பொத்தல் இருக்கும். அதற்கு செகண்ட்ஸ் என்று பெயர். வேலை செய்கிறவர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். காதுக்காரம்மாவின் வீட்டில் இருந்ததெல்லாம் அதுதான். வைத்தால் ஆடுகிற தட்டு, மூடி பொருந்தாத கிண்ணம், குடித்தால் வாயோரம் வழிகிற கோப்பை. ஊருக்கெல்லாம் நல்லதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் கோணலை எடுத்துக்கொண்டு வந்தவள் அவள். இருபத்தைந்து வருடம் இப்படியே போயிற்று.

இருபத்தைந்தாவது வருடம் முடிந்தபோது நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு, முதல் தரத்தில் ஆறு கோப்பை, ஆறு சாசர் உனக்கு, நீயே எடுத்துக்கொள் என்றது. அவள் ஒரு மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆறு கோப்பைக்காக அறுபது கோப்பையைத் தட்டினாள். வெள்ளை உடம்பு, விளிம்பில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு, உதட்டில் வைத்தால் இருப்பதே தெரியாத மெல்லிசு. கூட வேலை செய்கிற பெண்கள், "காதுக்காரம்மா மாப்பிள்ளை பாக்குறாங்கடி" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இனிமேல் காலையும் சாயங்காலமும் டீ இதில்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். விருந்தாளிக்காக அல்ல, தனக்காக, தினமும்.

அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கூடத்து அலமாரியின் நடுத்தட்டில்தான் அவற்றை வைக்க வேண்டும். கண்ணுக்கு நேராக இருக்கும், கைக்கும் எட்டும். ஆனால் நடுத்தட்டில் இடம் எங்கே இருந்தது?

அவள் கணவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனுஷன். குடி கிடையாது, அடாவடி கிடையாது. ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் அவர் வாயில் வரும்: "இப்போதைக்கு." கையில் எது இருந்தாலும் கண்ட இடத்தில் வைத்துவிட்டு, "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்" என்பார். அந்த இப்போதைக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. நடுத்தட்டில் இப்போதைக்கு நாலு பேரிங், இரண்டு கண்டென்சர், ஒரு தாமிரச் சுருள், மூக்கு உடைந்த டெஸ்டர், காலாவதியான மாத்திரை அட்டை, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவிக்கொத்து. சாப்பாட்டு மேஜையில் ஒரு மோட்டாரே இப்போதைக்கு உட்கார்ந்திருந்தது. அவர்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கோப்பைகளை அந்தக் குப்பை நடுவில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. முதலில் வீடு ஒழுங்காகட்டும், தட்டைத் துடைத்து, நல்ல தாள் விரித்து, அப்புறம் வைக்கலாம் என்று பெட்டியைப் பிரிக்காமலே பரணில் ஏற்றினாள். ஒரு வாரத்து விஷயம்தானே என்று நினைத்தாள். பாவம், அவளும் இப்போதைக்குத்தான் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடுத்தட்டைக் காலி செய்தாள். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தாள். ஈரம் காயட்டும் என்று விட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினால் அங்கே ஒரு ஸ்குரூடிரைவர். செவ்வாய்க்கிழமை அதற்குத் துணையாக ஒரு எண்ணெய் டப்பா. புதன்கிழமைக்குள் தட்டு பழைய கோலத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி துடைத்தாள். மறுபடி புதன்கிழமை வந்தது. வாரம் முழுக்க நின்று தட்டிய கையில் துடைக்கிற துணியைப் பிடிக்கும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். மற்றவர்கள் வீட்டில் எல்லாம் பொருள் மனுஷருக்குப் பயந்து ஓரமாக இருக்கும், நம் வீட்டில் மட்டும் நாம் பொருளுக்குப் பயந்து ஓரமாக நடக்கிறோமே என்று பொருமுவாள்.

இப்படியே பத்து மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. மோட்டார் தாங்கியில் கால் கட்டைவிரல் இடித்துக்கொண்டதுதான் காரணம்.

"இங்க பாருங்க, இனிமே ஒரே சட்டம். ஆறு மாசம் கை படாத சாமான் எதுவும் இந்த வீட்ல இருக்கக் கூடாது. தூக்கிப் போடுங்க, இல்லாட்டி யாருக்காவது குடுங்க. நானும் மனுஷி மாதிரி வாழணும்" என்று கத்தினாள்.

"சரிம்மா, சரிம்மா. பண்ணிடலாம்" என்றார் அவர்.

கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவர் அவள் சொல்லைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

இது நடந்து சில வாரம் கழித்து, அவருடைய தங்கை புது வீட்டுக்குக் குடிபோனாள். அன்றைக்கு காதுக்காரம்மாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. அவர் மட்டும் போய்விட்டு வந்து, "நல்லா இருக்கு வீடு, காத்தோட்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். என்ன வாங்கிக்கொண்டு போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஏதோ வாங்கியிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, வேலை முடிந்து வரும் வழியில் ஒருநாள் அவள் அந்தப் புது வீட்டில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"வாங்க அண்ணி! வாங்க வாங்க. அதைத் தள்ளிட்டு உக்காருங்க" என்றாள் நாத்தனார். அது என்பது ஒரு குன்று துணி. சோபாவில் காய்ந்த துணி, மேஜையில் நேற்றைய பேப்பர், தரையில் பிள்ளைகளின் செருப்பும் கலர் பென்சிலும். குடிபோய் ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பத்து வருடம் இருந்த வீடு மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். இவர்கள் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது என்று காதுக்காரம்மா நினைத்துக்கொண்டு, துணியைத் தள்ளி உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கவில்லை, நாலு துண்டை மடித்து வைத்தாள்.

உள்ளே நாத்தனார் டீ கலக்கும் சத்தம் கேட்டது. ஸ்பூன் கோப்பையின் பக்கத்தில் பட்டது.

காதுக்காரம்மாவின் கை மடித்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அறுபதில் பொறுக்கிய ஆறில் ஒன்று அது. வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

நாத்தனார் வெளியே வந்தாள். வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கோடு.

"அண்ணன் குடுத்ததுதான் அண்ணி. என்ன அழகா இருக்கு பாருங்க! அண்ணிக்கு இதெல்லாம் அவ்வளவா பிடிக்காது, ஒரு வருஷமா பிரிக்கவே இல்லைன்னு அண்ணன் சொன்னாரு. நான் குடிவந்த மறுநாளே பிரிச்சுட்டேன். வச்சுக்கிட்டு என்ன பண்றது? எங்க வீட்ல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இதுலதான்."

சாசர் எங்கே என்று கேட்க வாயெடுத்தாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு சாசரில் சோப்பு இருந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையில் பேனா சொருகியிருந்தது. அப்படியே எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் கையில் டீ சூடாக இருந்தது, குடிக்காமல் இருக்க முடியவில்லை. விளிம்பு உதட்டில் பட்டதே தெரியவில்லை. ஒரு சொட்டு வழியவில்லை. இவ்வளவு நல்ல டீயை அவள் தன் ஆயுசில் குடித்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"ஏங்க, பரண்ல இருந்த என் பெட்டியை யாரைக் கேட்டு எடுத்துக் குடுத்தீங்க?"

அவர் ஒரு சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "உன்னைத்தான். நீதானே சட்டம் போட்ட, ஆறு மாசம் கை படாத சாமான் இருக்கக் கூடாதுன்னு. நானும் வீடு பூரா தேடிப் பாத்தேன். அது ஒண்ணுதான் கை படாம இருந்துச்சு."

"இந்தக் குப்பை எல்லாம் உங்க கண்ணுக்குப் படலையா?"

"அதெல்லாம் தினமும் கை படுதேம்மா" என்றார் அவர், சுருளைக் காட்டி. கிண்டல் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை இருந்தது, ஆனால் எதை எடுத்தாலும் அது திரும்பித் தன் மேலேயே விழும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதினோரு மாதம் அந்தப் பெட்டியைத் தொடாதது யார்? அவர் இல்லை.

"நாளைக்கே போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துடவா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறதா? என் மானம் கப்பலேறவா? ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் உருண்ட உருட்டலுக்கு நாலு கோணல் கிண்ணம் போயிருக்க வேண்டும். செகண்ட்ஸ் லேசில் உடையாது.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, நாத்தனார் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். முதலில் வாரம் ஒரு தடவை, அப்புறம் தினமும். நாத்தனாருக்கு ஒரே பூரிப்பு. "இத்தனை வருஷம் கழிச்சு அண்ணிக்கு இப்பத்தான் என் மேல பாசம் வந்திருக்கு" என்று அண்ணனிடம் சொல்லி மகிழ்ந்தாளாம். அவரும் வந்து பெருமையாகச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

சொந்த வீட்டை ஒழுங்குபடுத்துவதை அவள் நிறுத்திவிட்டாள். நடுத்தட்டில் பேரிங் பெருகியது. யாரும் கேட்கவில்லை.

நாத்தனார் வீட்டில் கோப்பைகள் குறைந்தன. ஒன்றைப் பிள்ளை பந்தால் அடித்தான். இரண்டு கழுவும்போது நழுவின. பேனா சொருகியிருந்தது மேஜையோடு கவிழ்ந்தது. ஒவ்வொரு தடவையும் நாத்தனார், "போனா போகுது அண்ணி, எவ்வளவு நாள் குடிச்சாச்சு" என்று துளிகூட வருத்தமில்லாமல் சொன்னாள். அதைக் கேட்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. கோப்பை போனதைவிட, போனால் போகட்டும் என்று ஒருத்தியால் சொல்ல முடிகிறதே என்பதுதான் உறுத்தியது.

ஒருநாள் நாத்தனார் அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கும் விதத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு இது மேல ஆசைன்னா சொல்லக் கூடாதா? ரெண்டுதான் மிச்சம். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. நீங்களும் அண்ணனும் ஆளுக்கொண்ணு வச்சுக்குங்க."

"வேண்டாம்மா. கொண்டு போய் எங்க வைக்கிறது? எங்க வீட்ல அதை வைக்க இடம் இல்லை."

பட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒரு கோப்பைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? உள்ளங்கை அகலம். இருபத்தெட்டு வருடம் கூட்டித் துடைத்த வீட்டில் உள்ளங்கை அகல இடம் அவளுக்கு இல்லை. இருந்திருந்தாலும் அதை அவள் ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாத்தனாருக்கு அவள் முகம் மாறியது தெரிந்தது. பதறிப்போய், "சரி அண்ணி, அப்ப இங்கயே இருக்கட்டும். ஆனா இனிமே இது உங்களுது. நான் பிள்ளைங்க கையில படாம மேல எடுத்து வச்சுடறேன். நீங்க வர்றப்ப மட்டும் எடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மற்றக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எடுத்து வைக்காத!"

குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.

"எடுத்து மட்டும் வச்சுடாதம்மா. உனக்குப் புண்ணியமா போகும். எல்லாரும் குடிங்க. உடைஞ்சாலும் பரவாயில்ல, குடிங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. நாத்தனார் ஒன்றும் புரியாமல் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கையிலிருந்த கோப்பையைப் பிள்ளையின் முன்னால் வைத்து அதில் பாலை ஊற்றினாள்.